அதிருப்தியில் இருக்கும் நட்சத்திர பிட்சர்: பிடித்து வைக்கலாமா, விட்டுவிடலாமா? ஒரு பேஸ்பால் கணக்கு

உங்க டீமிலேயே பெஸ்ட் ஆள் ஒருத்தர். ஒரு நாள் வந்து, "எனக்கு இங்க இருக்கப் பிடிக்கலை, வேற இடம் பார்த்துக்கொடுங்க" என்கிறார். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. நீங்கதான் மேனேஜர். என்ன செய்வீங்க?

ஆபீஸில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்தான். ஒருத்தர் பேப்பர் போடுவார், கவுன்டர் ஆஃபர் போகும், ஒத்துவரலைன்னா நோட்டீஸ் பீரியட் முடிந்து கிளம்பிவிடுவார். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் கதையே வேறு. அங்கே வீரரால் பேப்பர் போட்டுவிட்டு எதிர் டீமில் சேர முடியாது. டீமும் அவரைச் சும்மா அனுப்பாது. நடுவில் இருக்கும் ஒரே வழி 'டிரேட்'. அதாவது, அவரை இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு வீரர்களை வாங்கிக்கொள்வது.

கோபத்தில் இருக்கும் நட்சத்திரப் பந்துவீச்சாளரை டிரேட் செய்வது சரியா? பல பத்தாண்டுகளாக அமெரிக்க ரசிகர்கள் சண்டை போடும் கேள்வி இது. இதைப் புரிந்துகொள்ள 2010-ல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் டீமுக்கு வந்த சிக்கலைப் பார்ப்போம். காரணம், அந்தக் கதையின் முடிவு இப்போது நமக்குத் தெரியும்.

யார் அந்த பிட்சர்?

ஜாக் கிரெய்ங்கி. 2002 டிராஃப்டில் ஆறாவது ஆளாக ராயல்ஸ் எடுத்த பையன். 20 வயதில், 2004-ல், மேஜர் லீக்கில் ஆட வந்துவிட்டார். அடுத்த வருடமே பலத்த அடி: 5 வெற்றி, 17 தோல்வி.

2006 தொடக்கத்தில் பயிற்சி முகாமிலிருந்து கிளம்பிப் போய்விட்டார். சமூகப் பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. பேஸ்பாலையே விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தவருக்கு ராயல்ஸ் நேரம் கொடுத்தது. அவசரப்படுத்தவில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டு, மைனர் லீக்கில் ஆடி, மெதுவாகத் திரும்பி வந்தார்.

2009 ஜனவரியில் 4 ஆண்டு, 3.8 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த வருடமே அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அவருடைய ஈஆர்ஏ 2.16. ஈஆர்ஏ என்பது ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்ற கணக்கு. 4 என்றால் சுமார், 3-க்குக் கீழே போனால் பிரமாதம்.

அதே 2009-ல் ராயல்ஸ் ஆடிய 162 ஆட்டங்களில் 97-ல் தோற்றது. 2010-ல் 95 தோல்வி. 1985-க்குப் பிறகு அந்த டீம் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்த்திருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுங்க, சின்னப் பசங்க வளர்ந்து வர்றாங்க" என்பதுதான் நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் பதில். மறுபடி ஒரு சுற்று காத்திருக்க விருப்பமில்லை என்பதை கிரெய்ங்கி வெளிப்படையாகவே காட்டினார். ஏஜென்ட்டை மாற்றினார். டிரேட் கேட்டார்.

டீம் அவரை நோயில் கைவிடவில்லை. அவர் டீமைத் தோல்வியில் விட்டுப் போகலாமா? ரசிகர்களின் கோபம் இங்கேதான் ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், ஆறேழு வருடம் தோற்கும் டீமுக்காக உழைத்த 27 வயதுக்காரர் "ஜெயிக்கிற இடத்தில் ஆடணும்" என்று கேட்பது தப்பா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் இது கஷ்டமான முடிவு.

அவரே வேற டீம் பார்த்துப் போக முடியாதா?

முடியாது. மேஜர் லீக்கில் ஒரு வீரர் முதல் 6 வருட சர்வீஸ் முடிக்கும் வரை அவர்மீதான உரிமை டீமிடம்தான். முதல் சில வருடங்கள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அதன் பிறகு சம்பளத்தை நடுவர் மன்றத்தில் பேசித் தீர்க்கும் கட்டம். 6 வருடம் முடிந்தால்தான் 'ஃப்ரீ ஏஜென்ட்', அதாவது பிடித்த டீமுடன் பேசி ஒப்பந்தம் போடலாம். நடுவில் நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டால் அது முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த அளவு சுதந்திரமும் சும்மா வந்துவிடவில்லை. 1969-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் கர்ட் ஃப்ளட் என்ற வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தார்கள். "என்னைக் கேட்காமல் என்னை விற்க நீங்கள் யார்?" என்ற நிலைப்பாட்டோடு அவர் வழக்குப் போட்டார். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை கிட்டத்தட்ட அதோடு போய்விட்டது. ஆனால் 1975 டிசம்பரில், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்கள் தொடர்பான வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்பு, வீரரைக் காலம் முழுக்கக் கட்டிப்போடும் பழைய விதியை உடைத்தது.

இப்போது இரண்டு பாதுகாப்பு உண்டு. 10 வருட சர்வீஸும், அதில் கடைசி 5 வருடம் ஒரே டீமிலும் முடித்தவர் எந்த டிரேடையும் மறுக்கலாம். அல்லது 'என்னை இந்த டீம்களுக்கு அனுப்பக் கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். கிரெய்ங்கி ஒப்பந்தத்தில் சில டீம்கள் சம்பந்தமாக அப்படி ஒரு பிரிவு இருந்தது. மற்றபடி சட்டப்படி டீம் கைதான் ஓங்கியிருந்தது.

அதனால்தான் அதிருப்தியை வெளியே சொல்வது என்பது வீரர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அதை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு பேரம்.

பிட்சர் என்றால் ஏன் கணக்கு வேற?

டி20-யில் ஒரு நல்ல பந்துவீச்சாளர் ஒவ்வொரு மேட்ச்சிலும் 20-ல் 4 ஓவர் போடுவார். தினமும் உங்களுக்குக் கிடைப்பார். பேஸ்பாலில் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் இறங்குவார். இறங்கும் நாளில் 6, 7 இன்னிங்ஸ் அவர் கையில். மற்ற நான்கு நாளும் பெஞ்சில்.

கிரெய்ங்கி விருது வாங்கிய 2009-ஐயே எடுத்துக்கொள்வோம். 33 ஆட்டங்களில் இறங்கினார், சுமார் 229 இன்னிங்ஸ் போட்டார். ஒரு சீசனில் டீம் வீச வேண்டியது ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸ். அதாவது, லீக்கின் சிறந்த பிட்சரே சொந்த டீமின் வேலையில் 16 சதவீதத்தைத்தான் தொட்டார். மீதி 129 ஆட்டங்களை அவர் வேடிக்கைதான் பார்த்தார். 97 தோல்வி எப்படி வந்தது என்பது இப்போது புரியும்.

நல்ல டீமில் அதே ஆள் தங்கம். 88 ஆட்டம் ஜெயிக்கும் டீமுக்கு அவர் கொடுக்கும் 5, 6 கூடுதல் வெற்றி பிளேஆஃப் கதவைத் திறக்கும். பிளேஆஃபில் ஆட்டங்கள் குறைவு, இடைவெளி அதிகம் என்பதால் அவரை அடிக்கடி இறக்கலாம். 65 ஆட்டம் ஜெயிக்கும் டீமுக்கு அதே 6 வெற்றி என்ன செய்யும்? கடைசி இடத்திலிருந்து கடைசிக்கு முந்தின இடம். அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், முழங்கை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருடத்துக்கு 3,000 பந்துக்கு மேல் வீசும் கை அது. தசைநார் கிழிந்தால் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதன்முதலில் இந்த சிகிச்சையைச் செய்த பிட்சரின் பெயர்தான் அது. அதற்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்ப ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். இன்று விலைமதிப்பில்லாத சொத்து, நாளைக்கே மருத்துவமனையில். எனவே பிட்சரை வைத்துக்கொண்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது, பேட்ஸ்மேனை வைத்துத் தள்ளிப்போடுவதைவிட ரிஸ்க் அதிகம்.

'அனுப்பக் கூடாது' என்பவர்களின் வாதம்

இவர்களை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நான்கு காரணம் சொல்வார்கள்.

ஒன்று, கையில் இருப்பது நிச்சயம், வரப்போவது லாட்டரி. ஒரு சை யங் பிட்சரைக் கொடுத்து நான்கு இளம் வீரர்களை வாங்கினால், நான்கில் ஒருவர் நிலைத்தாலே பெரிய விஷயம். மைனர் லீக்கில் ஜொலித்து மேஜர் லீக்கில் காணாமல்போனவர்கள் ஏராளம்.

இரண்டு, இது ஒரு முன்னுதாரணம் ஆகிவிடும். 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் போக விட்டுவிடுவார்கள்' என்று அடுத்தவரும் கற்றுக்கொள்வார்.

மூன்று, ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். மோசமாக ஆடினாலும் டீம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவாதம் உள்ள சம்பளம் அது. அப்படியிருக்கும்போது வீரரும் முடியும் வரை ஆடுவதுதானே நியாயம்?

நான்கு, ரசிகர்கள். சின்ன ஊர் டீம்களுக்கு ஒரு நட்சத்திரம் கிடைப்பதே அபூர்வம். பையனுக்குப் பிடித்த ஜெர்சியை வாங்கிக் கொடுத்த அப்பாவிடம் போய் "இது நீண்டகாலத் திட்டம்" என்று எத்தனை முறை சொல்வது?

இந்த நான்காவது காரணத்துக்குச் சாட்சி நியூயார்க் மெட்ஸ். டாம் சீவர் அந்த டீமின் முகம். 1969-ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிக்க வைத்தவர், மூன்று சை யங் விருது வாங்கியவர். ஃப்ரீ ஏஜென்சி வந்த பிறகு சம்பளத்தைத் திரும்பப் பேசலாம் என்று கேட்டார். டீம் தலைவர் டொனால்ட் கிராண்ட் மறுத்தார். டிக் யங் என்ற பத்திரிகையாளர் சீவரின் மனைவியையும் இழுத்து எழுத, பேச்சு முறிந்தது. 1977 ஜூன் 15-ம் தேதி சீவரை சின்சினாட்டிக்கு டிரேட் செய்தார்கள். பதிலுக்கு வந்த நான்கு பேரில் ஒருவரும் நட்சத்திரமாகவில்லை. சீவர் அடுத்த வருடமே எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்காத 'நோ-ஹிட்டர்' ஆட்டம் போட்டார். மெட்ஸ் கடைசி இடத்துக்குப் போனது. 1979-ல் ஒரு முழு சீசனுக்கு ஷே ஸ்டேடியத்துக்கு வந்த கூட்டம் 8 லட்சத்துக்கும் குறைவு. அந்த மைதானத்துக்கு 'கிராண்டின் கல்லறை' என்று பெயர் வைத்து ரசிகர்கள் கேலி செய்தார்கள்.

'அனுப்பிடலாம்' என்பவர்களின் வாதம்

இவர்கள் பார்ப்பது காலண்டரை. கிரெய்ங்கி ஒப்பந்தம் 2012-ல் முடிகிறது. ராயல்ஸ் நம்பியிருந்த எரிக் ஹாஸ்மர், மைக் முஸ்டாகஸ், சல்வடோர் பெரஸ் மூவரும் 2010-ல் இன்னும் மைனர் லீக்கில். அவர்கள் மேலே வந்து, அடிபட்டு, தேறி, ஜெயிக்க ஆரம்பிப்பதற்குள் கிரெய்ங்கி ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருப்பார். அவருடைய நல்ல வருடங்களும் டீமின் நல்ல வருடங்களும் சந்திக்கவே வாய்ப்பில்லை.

நடந்ததும் அதுதான். ராயல்ஸ் 2011-ல் 91 தோல்வி, 2012-ல் 90 தோல்வி. கிரெய்ங்கியை வைத்திருந்தால் அது 85 ஆகியிருக்கலாம். கோப்பை வந்திருக்காது.

இரண்டாவது காரணம் விலை. டிரேட் செய்யப்படும் வீரரிடம் எவ்வளவு ஒப்பந்தக் காலம் மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவு விலை. இரண்டு முழு சீசன் மிச்சமிருந்தால் வாங்கும் டீமுக்கு இரண்டு முறை பிளேஆஃப் வாய்ப்பு. ஆறு மாதம்தான் மிச்சம் என்றால் வாடகை வீடு மாதிரிதான் பார்ப்பார்கள். ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிற நிலை: பேசப் பேச உருகும்.

காத்திருந்து முழுசாக உருகவிட்ட டீமுக்கும் உதாரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸிடம் ஷோஹெய் ஓட்டானி இருந்தார், பிட்சரும் அவரே, பேட்ஸ்மேனும் அவரே. 6 வருடத்தில் ஒருமுறைகூட டீம் பிளேஆஃப் போகவில்லை. அவர் டிரேட் கேட்டுச் சண்டை போட்டவர் இல்லை, ஆனால் ஜெயிக்கும் டீம் வேண்டும் என்பதை மறைத்தவரும் இல்லை. 2023 ஜூலையில், ஒப்பந்தம் முடிய சில மாதங்களே இருந்தபோது, ஏஞ்சல்ஸ் அவரை டிரேட் செய்ய மறுத்தது. மாறாக இருந்த இளம் வீரர்களைக் கொடுத்து வேறு பிட்சர்களை வாங்கியது. ஆகஸ்டில் டீம் சரிந்தது. ஓட்டானியின் முழங்கைத் தசைநாரும் கிழிந்தது. டிசம்பரில் அவர் 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அதே ஊரின் டாட்ஜர்ஸில் சேர்ந்தார். ஏஞ்சல்ஸுக்கு ஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு டிராஃப்ட் தேர்வு. அடுத்த இரண்டு வருடமும் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது டாட்ஜர்ஸ்.

ராயல்ஸ் என்ன செய்தது?

2010 டிசம்பர் 19. ஜெனரல் மேனேஜர் டேட்டன் மூர், கிரெய்ங்கியை மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கு அனுப்பினார். கூடவே ஷார்ட்ஸ்டாப் யுனியெஸ்கி பெட்டன்கோர்ட்டும் போனார். வந்தவர்கள் நான்கு பேர்: ஷார்ட்ஸ்டாப் அல்சிடஸ் எஸ்கோபார், சென்டர் ஃபீல்டர் லோரென்சோ கெய்ன், பிட்சர்கள் ஜெரமி ஜெஃப்ரஸ், ஜேக் ஓடொரிஸி. நால்வருக்குமே வயது 24 அல்லது அதற்குக் கீழே.

அன்று பார்த்தால் மில்வாக்கி ஜெயித்த மாதிரிதான் இருந்தது. 2011-ல் கிரெய்ங்கி 16 வெற்றி, 6 தோல்வி. ப்ரூவர்ஸ் 96 ஆட்டம் ஜெயித்து, டிவிஷனைப் பிடித்து, வேர்ல்ட் சீரிஸுக்கு ஒரு படி முன்னால் வரை போனது. கன்சாஸ் சிட்டியில் மறுபடி தோல்விக் கணக்கு.

பிறகு விளைச்சல் வர ஆரம்பித்தது. 2012 டிசம்பரில் ஓடொரிஸியையும், வில் மையர்ஸ் உள்ளிட்ட வேறு இளம் வீரர்களையும் டாம்பா பேவுக்குக் கொடுத்து, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரண்டு பிட்சர்களை மூர் வாங்கினார். 2014-ல் ராயல்ஸ் 29 வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப் போனது. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரை சென்று தோற்றது. அந்த வருட அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர், கெய்ன்.

2015-ல் அதே விருது எஸ்கோபாருக்கு. அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஹாஸ்மர் அடித்த ஒரு சிங்கிளில், முதல் பேஸில் இருந்த கெய்ன் ஒரே ஓட்டத்தில் ஹோம் வரை வந்து ரன் எடுத்தார். அதுதான் ராயல்ஸை வேர்ல்ட் சீரிஸுக்கு அனுப்பியது. அங்கே மெட்ஸை 4-1 என்று வென்றபோது, கடைசி பேட்ஸ்மேனை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர் வேட் டேவிஸ். ஒரு அதிருப்தி பிட்சரை அனுப்பியதில் இருந்து நேராக வந்தவர்கள் இரண்டு பேர், சுற்றி வந்தவர் ஒருவர். மூவரும் இல்லாமல் அந்தக் கோப்பையை நினைத்துப் பார்க்க முடியாது. வெற்றி ஊர்வலத்துக்குப் பல லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள்.

அப்போ டிரேட் செய்தால் கோப்பை நிச்சயமா?

இல்லவே இல்லை. சிகாகோ வைட் சாக்ஸ் கதை அதற்குப் பதில்.

அவர்களுடைய ஏஸ் பிட்சர் கிறிஸ் சேல். 2016 பயிற்சி முகாமிலேயே சக வீரர் ஆடம் லாரோச்சின் மகனை டிரெஸ்ஸிங் ரூமுக்கு அழைத்து வருவது பற்றிய விவகாரத்தில் நிர்வாகத்தோடு மோதினார். ஜூலை 23-ம் தேதி, 1976 பாணி பழைய ஜெர்சியைப் போட்டு ஆட வேண்டும் என்றதும், அது பந்து வீச வசதியில்லை என்று சொல்லி, கத்தியை எடுத்து ஜெர்சிகளைக் கிழித்துவிட்டார். ஐந்து நாள் சஸ்பெண்ட்.

டீம் அந்தக் கோபத்தில் அவரை அனுப்பவில்லை. சீசன் முடிந்து, டிசம்பரில், நிதானமாக பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு டிரேட் செய்தது. சேலின் ஒப்பந்தத்தில் மூன்று வருடம் மிச்சம், அதுவும் அவர் தரத்துக்குக் குறைந்த சம்பளத்தில். எனவே விலையும் கனமாகக் கிடைத்தது: யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நான்கு இளைஞர்கள். மொன்காடா அப்போது பேஸ்பாலின் மிகச் சிறந்த இளம் வீரர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். எல்லோரும் பாராட்டினார்கள்.

2018-ல் பாஸ்டன் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. கடைசி அவுட்டை எடுத்தது சேல்தான். வைட் சாக்ஸும் 2020, 2021-ல் பிளேஆஃப் போனது. ஆனால் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு காயம், தப்பான தேர்வுகள், சரிவு. 2024-ல் 121 தோல்வி, நவீன பேஸ்பாலில் ஒரு சீசனில் எந்த டீமும் அவ்வளவு தோற்றதில்லை. அதே 2024-ல் சேல், அட்லாண்டா பிரேவ்ஸுக்காக 18 வெற்றி, 3 தோல்வியுடன் 35 வயதில் தன் முதல் சை யங் விருதை வாங்கினார்.

அப்போ வைட் சாக்ஸ் டிரேட் தப்பா? தப்பென்று சொல்ல முடியாது. அன்றைய நிலவரத்தில் நல்ல விலைதான். ஆனால் டிரேட் என்பது விதை வாங்குவது மட்டும். நிலத்தைப் பண்படுத்தவில்லை என்றால் நல்ல விதையும் முளைக்காது. ராயல்ஸிடம் ஏற்கெனவே ஹாஸ்மர், முஸ்டாகஸ், பெரஸ் வளர்ந்துகொண்டிருந்தார்கள். எஸ்கோபாரும் கெய்னும் அந்த வரிசையில் வந்து பொருந்தினார்கள்.

எப்படி முடிவெடுக்கலாம்?

இந்த நான்கு டீம்களின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்:

1. அதிருப்திக்குக் காரணம் என்ன? சம்பளமா, மரியாதையா, தோல்வியா? சம்பளமும் மரியாதையும் பேசித் தீர்க்கலாம். சீவர் விஷயத்தில் அதுதான் இருந்தது, பேசாமல் விட்டதுதான் தப்பு. தொடர் தோல்விதான் காரணம் என்றால், பேச்சால் தீராது.

2. நாம் எப்போது ஜெயிக்கப் போகிறோம்? ஒப்பந்தம் முடிவதற்குள் என்றால், முகம் சுளித்தாலும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாளைக்கு ஒருமுறை நன்றாக வீசினால் போதும், சிரிக்க வேண்டிய அவசியமில்லை. அதற்குப் பிறகுதான் என்றால், அனுப்பிவிடுவதே மேல்.

3. விலை ஏறுமா, இறங்குமா? ஒப்பந்தக் காலம் கரையக் கரைய விலை இறங்கும். முழங்கை போனால் ஒரே நாளில் பூஜ்யம்.

4. வாங்கி வருபவர்கள் எங்கே பொருந்துவார்கள்? பெயர் பெரிதா என்பதைவிட, நமக்கு ஓட்டை இருக்கும் இடத்தில் நிற்பார்களா என்பது முக்கியம்.

5. நாம் இப்போது கோபத்தில் இருக்கிறோமா? ஆம் என்றால், இன்றைக்கு போனை எடுக்காதீர்கள்.

இதில் 'அவர் நன்றி கெட்டவரா?' என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரசிகர்கள் அதைக் கேட்கலாம், கேட்க உரிமை உண்டு. டீம் நடத்துபவர் கேட்டால் கணக்கு தப்பிவிடும்.

ஐபிஎல்-லில் இது எப்படி?

இங்கேயும் டிரேட் உண்டு. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பினார். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார், ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். ஆனால் இரண்டு பெரிய வித்தியாசம். ஐபிஎல்-லில் வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் நடக்காது. இரண்டாவது, சில வருடத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து டீமையே கலைத்துப் போட்டுவிடும். ஐந்து வருடம் கழித்துப் பழுக்கப்போகும் நான்கு இளைஞர்களை வாங்கி வைப்பதில் அர்த்தமே இல்லை. ராயல்ஸ் போட்ட மாதிரி நீண்ட கணக்கு இங்கே போட முடியாது. அதனால்தான் ஐபிஎல் டிரேடுகள் பெரும்பாலும் பணத்துக்கு ஆள், இல்லையென்றால் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் என்றே முடிகின்றன.

கடைசியில்?

ராயல்ஸ் எடுத்தது சரியான முடிவு. கோப்பை வந்ததால் மட்டும் இதைச் சொல்லவில்லை. எஸ்கோபாரும் கெய்னும் சோபிக்காமல் போயிருந்தாலும், 2010 டிசம்பரில் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அதுதான் சரி: இரண்டு வருடம் மிச்சம், அந்த இரண்டு வருடத்தில் ஜெயிக்க வழியில்லை, விலை உச்சத்தில்.

கிரெய்ங்கிக்கும் அது நல்லதாகவே முடிந்தது. 2012 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் 6 ஆண்டு, 14.7 கோடி டாலர் ஒப்பந்தம். 2015-ல் 1.66 என்ற அபாரமான ஈஆர்ஏ. 2022-ல், 38 வயதில், கன்சாஸ் சிட்டிக்கே திரும்பி வந்து இரண்டு சீசன் ஆடினார். முதல் நாள் ஆட்டத்தில் பந்தை அவர் கையில்தான் கொடுத்தார்கள். பிரிந்து போன பிறகும் அந்தக் கதவு திறந்தே இருந்தது.

போகணும் என்பவரை எப்போது அனுப்புவது, என்ன வாங்குவது என்பது கணக்கு. எப்படி அனுப்புவது என்பது பண்பு. கணக்கில் தப்பினால் சில சீசன் போகும். பண்பில் தப்பினால், மெட்ஸ் போல, மைதானமே காலியாகும்.